குணச்சித்திர வேடத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு



அப்பாவாக, அத்தையாக, தவில்காரராக, வக்கீலாக, வட்டிக்கடைக்காரராக, ஊர்ப் பெரியவராக நடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்திருக்கிறீர்கள். சுவரொட்டியில் முகம் வராவிட்டாலும் பரவாயில்லை, பார்த்தவர் மனதில் அந்த ஆள் நிற்க வேண்டும் என்கிறீர்கள். நல்ல ஆசை. இந்த ஆசைக்கு நம் பக்கத்தில் முன்னோர் உண்டு. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்தவர் என்.எஸ். கிருஷ்ணன். மார்த்தாண்டத்தை அடுத்த திக்குறிச்சியில் 1916-இல் பிறந்து, மலையாளத் திரையில் ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர் திக்குறிச்சி சுகுமாரன் நாயர். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 1912-இல் பிறந்தவர் டி.கே. சண்முகம், அவருடைய தம்பி டி.கே. பகவதி. கொஞ்சம் வடக்கே போனால் பழைய திருநெல்வேலிச் சீமை தந்த டி.எஸ். பாலையா. இவர்கள் செய்த வேலையை வைத்துத்தான் நான் பேசப் போகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மேடையிலும் படப்பிடிப்பிலும் கற்றது. எண் போட்டிருப்பது நீங்கள் திருப்பிப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்றுதான். ஒன்றைவிட இன்னொன்று பெரியது என்று கொள்ள வேண்டாம், முதலாவதைத் தவிர.

1. நாடகம் முழுவதையும் படியுங்கள்.

உங்கள் வசனத்தை மட்டும் மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு வருவதை இன்றோடு விட்டுவிடுங்கள். கதாநாயகனுக்கு அது ஓரளவு தாங்கும். கதை அவன் பின்னாலேயே போகும். இரண்டு காட்சியில் வந்து போகிற உங்களுக்குத் தாங்காது. நீங்கள் உள்ளே வருவதற்கு முன் என்ன நடந்தது, நீங்கள் போன பிறகு என்ன நடக்கப் போகிறது என்பது தெரியாமல் வந்தால், வேற்றூர்க் கல்யாணத்தில் நுழைந்தவரைப் போல நிற்பீர்கள்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதில் சேர்ந்தபோது டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. பாடம் வாத்தியார் வாயிலிருந்து பிள்ளைகள் காதுக்குப் போனது. ஒருவனுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ராஜபார்ட் பாட்டு ஸ்திரீபார்ட் பையனுக்குத் தெரியும், ஸ்திரீபார்ட்டின் அழுகை பபூனுக்குத் தெரியும். சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று நாடக உலகில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். அப்படி எழுதிக் கொடுத்ததைச் சில நாளில் மேடையேற்ற ஒரு சிறுவர் கூட்டத்தால் முடிந்தது என்றால், கதை முழுக்க எல்லோர் தலையிலும் இருந்ததுதான் காரணம்.

சண்முகமும் அவருடைய சகோதரர்களும் 1925-இல் தாங்களே தொடங்கியது மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா. நம் ஒழுகினசேரிக் கிருஷ்ணன் வளர்ந்தது அங்கேதான். யாராவது ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் அந்த வேடத்தைத் தானே கட்டிக்கொண்டு மேடையேறுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பிற்காலத்தில் சினிமாவில் தன் நகைச்சுவைப் பகுதிகளைத் தானே யோசித்து அமைத்துக் கொடுக்கிற துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது? மற்றவர் பாடத்தையும் தெரிந்து வைத்திருந்த அந்த வயதிலிருந்து வந்தது என்றே நான் நம்புகிறேன்.

இங்கிலாந்திலும் இப்படித்தான். அங்கே ஊருக்கு ஊர் ரெபர்ட்டரி கம்பெனிகள் இருந்தன. பல ஊர்களில் வாரத்துக்கு ஒரு புது நாடகம். இரவில் இந்த வாரத்து நாடகத்தை நடித்துக்கொண்டே பகலில் அடுத்த வாரத்ததை ஒத்திகை பார்ப்பார்கள். ஆங்கிலப் படங்களில் நீதிபதியாகவும் பாதிரியாராகவும் வந்து, பெயர் தெரியாமலே நம்மை நிமிர்ந்து உட்கார வைத்த முதியவர்கள் பலர் அங்கே தேறியவர்கள். ஜெஃப்ரி கெண்டல் என்ற ஆங்கில நடிகர் தன் மனைவி மக்களோடு ‘ஷேக்ஸ்பியரானா’ என்ற குழுவை நடத்திக்கொண்டு, இந்தியாவில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஷேக்ஸ்பியரை நடித்துக் காட்டினார். உத்பல் தத்தும் சசி கபூரும் அந்தக் குழுவில் பழகியவர்கள். உத்பல் தத் வங்காளத்திலும் இந்தியிலும் பின்னால் செய்த வேடங்களைத் தேடிப் பாருங்கள். கொடுமைக்கார முதலாளியையும் மீசையை நேசிக்கும் கம்பெனி உரிமையாளரையும் ஒரே மனிதர் செய்கிறார்.

நான் சொல்லும் வழி இதுதான்: நோட்டுப் புத்தகம் வாங்கி, நடிக்கப் போகும் நாடகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கையால் எழுதுங்கள். அடுத்தவர் வசனத்தை எழுதும்போதுதான் உங்கள் ஆள் எதைக் கேட்டு அப்படிப் பதில் சொல்கிறான் என்பது பிடிபடும். சினிமாவில் முழுக் கதையும் கையில் கிடைக்காது. அப்போது உதவி இயக்குநரிடம் பணிவாகக் கேளுங்கள்: இந்தக் காட்சிக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன? இதைக் கேட்கிற நடிகரை எந்த இயக்குநரும் வெறுத்ததை நான் பார்த்ததில்லை.

2. கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

கோயில் கொடைக்குப் போனால் வில்லுப்பாட்டுக்காரர் முன்னால் உட்காருங்கள். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்வார். கூட்டம் அவரைப் பார்க்கும். நீங்கள் அவரை விட்டுவிட்டு, குடமும் உடுக்கையும் தாளமும் வைத்திருக்கிற மற்றவர்களைப் பாருங்கள். அவர்களில் ஒருவர் ‘ஆமா’ போடுவார். இசக்கி கதையில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை அழைத்துக்கொண்டு அந்தப் பாவி காட்டுக்குள் போகிறான் என்று புலவர் சொல்லும்போது, அந்த ‘ஆமா’ மெதுவாக, பயந்து வரும். சுடலைமாடன் துள்ளும்போது அது வேறு குரலில் வரும். நேற்றும் அதற்கு முந்தின கொடையிலும் கேட்ட கதைதான். ஆனாலும் இப்போதுதான் காதில் விழுகிறது என்பதுபோல அவர் கேட்பார். அவர் அப்படிக் கேட்பதால்தான் பந்தலில் இருக்கும் நாமும் கேட்கிறோம். என்.எஸ். கிருஷ்ணன் தன் மேடைகளில் வில்லை எடுத்ததும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டதும் சும்மா இல்லை. அந்தக் கலையை அவர் ஊர்ப் பந்தலிலிருந்து எடுத்துப் போனார்.

அடுத்து ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ படத்தைப் போடுங்கள். 1964. நாகேஷ் தான் எடுக்கப் போகும் பேய்ப் படத்தின் கதையைப் பாலையாவிடம் சொல்கிறார். இன்றைக்கும் அந்தக் காட்சிக்குச் சிரிக்காத தமிழ்ப் பிள்ளை இல்லை. எல்லோரும் நாகேஷைப் புகழ்கிறோம், புகழத்தான் வேண்டும். நீங்கள் ஒருமுறை பாலையாவை மட்டும் பாருங்கள். பேச்சு அவருக்கு மிகக் குறைவு. மகன் ஏதோ உளறப் போகிறான் என்கிற அசட்டையோடு உட்காருகிறார். கதை போகப் போக அந்த அசட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுகிறது. கண் விரிகிறது, உடம்பு ஒடுங்குகிறது, கதை சொல்கிறவன் தன் மகன் என்பதே மறந்துபோகிறது. பேய் நாகேஷ் வாயில் இருந்தாலும் அதைப் பார்த்தது பாலையா. அவர் பார்த்ததால்தான் நமக்குச் சிரிப்பு. அவர் ஒரு நொடி முந்திப் பயந்திருந்தாலும் நாகேஷின் உழைப்பு வீணாகியிருக்கும்.

பயிற்சி ஒன்று. உங்களில் ஒருவர் கதை சொல்லட்டும், ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்கட்டும். மூன்றாமவர் காதைப் பொத்திக்கொண்டு, கேட்பவர் முகத்தை மட்டும் பார்த்துக் கதையின் போக்கைச் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் கேட்டவர் கேட்கவில்லை, தன் முறைக்குக் காத்திருந்தார் என்று அர்த்தம். முகத்தைக் கோணிக் காட்டினாலும் தோல்விதான்.

3. குரல்.

மைக் இல்லாமல் ஒரு கூடத்தின் கடைசி ஆளுக்குக் கேட்கும்படி பேசிப் பழகுங்கள். கத்தக் கூடாது. மூச்சை அடிவயிற்றில் வாங்கி, மெய்யெழுத்துகளைத் தெளிவாக உச்சரித்தால் மெல்லிய பேச்சும் போய்ச் சேரும். வசனத்தின் கடைசிச் சொல்லை விழுங்காதீர்கள். அந்தச் சொல்லைப் பிடித்துத்தான் எதிரே நிற்பவர் தன் வசனத்தை எடுக்க வேண்டும். ழகரம், ளகரம், றகரம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே நன்றாக வரும். அதைச் சென்னைக்குப் போய்த் தொலைத்துவிடாதீர்கள்.

4. வயது.

உங்களுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், அறுபது வயது வேடம் வரும். தயங்காமல் வாங்குங்கள். 1947-இல் ஏவி.எம். எடுத்த ‘நாம் இருவர்’ படத்தில் வயதானவராக வந்த வி.கே. ராமசாமிக்கு அப்போது இருபது, இருபத்தொரு வயதுதான். நாடகத்தில் அவர் செய்த அதே வேடத்தைப் பார்த்துத்தான் படத்துக்கு எடுத்தார்கள். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு அவருக்கு வேலை குறையவில்லை.

கை நடுங்கினால் கிழவன் என்று நினைக்க வேண்டாம். வயதானவர்கள் நடுக்கத்தை மறைக்கத்தான் பார்ப்பார்கள். வடசேரிப் பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். படியேறுமுன் ஒரு பெரியவர் கம்பி எங்கே என்று கண்ணால் தேடிக்கொள்வார், பிறகுதான் கால் எடுப்பார். சில்லறையை எண்ணும்போது உதடு அசையும். உட்காருமுன் கை இருக்கையைத் தொட்டுப் பார்க்கும். இப்படி ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும், பத்து வேண்டாம்.

திக்குறிச்சி இதை மறுபக்கத்திலிருந்து வாழ்ந்து காட்டியவர். தன் நாடகத்திலிருந்தே உருவான ‘ஸ்த்ரீ’ படத்தில் 1950-இல் கதாநாயகனாக நுழைந்தார். அடுத்த ஆண்டு வந்த ‘ஜீவித நௌகா’ பெரும் வெற்றி. அப்துல் காதர் என்ற இளைஞருக்குப் பிரேம் நசீர் என்று பெயர் வைத்தவரும் அவரே. பெயர் வைத்த பிள்ளை நாயகனாக வளர, இவர் அப்பாவாகவும் காரணவராகவும் நகர்ந்து கடைசி வரை நடித்தார். 1997-இல் மறையும் வரை நடிகர் என்றுதான் ஊர் அவரைச் சொன்னது. முன்வரிசையை விட்டுப் பின்வரிசைக்கு வருவதில் அவமானம் எதுவும் இல்லை என்பதை நான் அவரைப் பார்த்துத்தான் நம்பத் தொடங்கினேன்.

5. சொன்ன நேரத்துக்குக் கால்மணி முன்னால் போங்கள். மற்றவர் எப்போது வந்தார் என்பது உங்கள் கணக்கில் வேண்டாம்.

6. எதிரில் நிற்பவருக்கு எடை கொடுங்கள்.

1958-இல் வந்த ‘சம்பூர்ண ராமாயணம்’ படத்தில் ராமன் என்.டி. ராமராவ், பரதன் சிவாஜி கணேசன். டி.கே. பகவதி ராவணன். அந்தக் காலத்தில் ராவணன் என்றால் உருட்டும் கண், உறுமல், அட்டகாசச் சிரிப்பு. பகவதி அப்படிச் செய்யவில்லை. அவருடைய ராவணன் சபையில் இசை தெரிந்தவன். ராகங்களை அடுக்கி, எந்த நேரத்துக்கு எது, எந்த உணர்ச்சிக்கு எது என்று பாட்டாலேயே சொல்கிறவன். குரல் சி.எஸ். ஜெயராமனுடையது. அந்தக் குரல் தன் நெஞ்சிலிருந்து புறப்படுவதாகப் பகவதி உட்கார்ந்திருக்கும் நிமிர்வைப் பாருங்கள். இப்படி ஒருவன் போர்க்களத்தில் ஆயுதமெல்லாம் இழந்து நிற்கும்போது நமக்கு நெஞ்சு வலிக்கிறது. அவன் பெரியவனாக இருந்ததால் ராமனும் பெரியவனானான். எதிரியைச் சிறுமைப்படுத்தி நடித்தால் நாயகனுக்கும் சேர்த்துத்தான் கேடு செய்கிறீர்கள்.

இதையே பாலையா ‘திருவிளையாடல்’ படத்தில் இன்னொரு விதமாகச் செய்தார். 1965. பாண்டியன் சபைக்குச் சவால் விட வருகிற ஹேமநாத பாகவதர். பாட்டுக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணா. உதடும் விரலும் கழுத்து நரம்பும் அந்த மிதப்பும் பாலையா. அவர் பாடும்போது அந்தப் பாகவதர் தோற்க மாட்டார் என்றே தோன்றும். தோன்ற வேண்டும். இரவில் விறகுவெட்டியாக வந்த சிவன் திண்ணையில் பாடுவதைக் கேட்டு, அதே முகத்தில் பெருமை வடிந்து பயம் ஏறுகிறது. முதல் பாதியில் அந்த மிதப்பைக் குறைத்திருந்தால் இரண்டாம் பாதியில் இறங்க இடமே இருந்திருக்காது. இயக்கிய ஏ.பி. நாகராஜன் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். பாலையாவும் அங்கிருந்து வந்தவர். இரண்டு பேருக்கும் இந்தக் கணக்கு பேசாமலே புரிந்திருக்கும். அதே நாகராஜன் 1968-இல் எடுத்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் பாலையாவைத் தவில் வித்துவான் முத்துராக்கு ஆக்கினார். பாகவதரின் மிதப்பில் ஒரு துளிகூட அங்கே இல்லை. நாகஸ்வரக்காரரின் கோபத்தைத் தோளில் தாங்குகிற ஒரு தோழன்தான் இருக்கிறான்.

‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தையும் பார்த்துவிடுங்கள். 1961-இல் பி.ஆர். பந்துலு எடுத்தது. வ.உ.சி. சிவாஜி, பாரதியாக எஸ்.வி. சுப்பையா, சுப்பிரமணிய சிவாவாக டி.கே. சண்முகம். ‘ஔவையார்’ நாடகத்தில் கிழவி வேடம் கட்டி, அந்தப் பெயரே தன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் புகழ் பெற்றவர் சண்முகம். சொந்தமாக நாடக சபை நடத்தியவர். அவர் இன்னொருவர் கதையில் துணையாக வந்து நிற்கிறார். நிற்கிற இடம் தெரிந்து நிற்கிறார்.

7. பேச்சு மொழியைச் சேகரியுங்கள்.

1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது நம் கன்னியாகுமரி மாவட்டம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பேச்சு ஒன்று; கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பேச்சு இன்னொன்று; குளச்சல் கடற்கரைப் பேச்சு வேறொன்று. வெளியூர் நடிகர் ஆறு மாதம் பயின்றாலும் வராத இந்தப் பேச்சுகள் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கின்றன. தோவாளைப் பூச்சந்தைக்கு விடியலில் போய் விலை பேசுவதைக் கேளுங்கள். கனகமூலம் சந்தையில் வாழைக்குலை விற்கிறவரைக் கேளுங்கள். குளச்சலில் மீன் ஏலம் விடுகிறவரின் மூச்சு எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். நாஞ்சில் நாடன், தோப்பில் முஹம்மது மீரான், ஜெயமோகன் எழுதிய உரையாடல்களை வாய்விட்டு வாசியுங்கள்.

அத்தோடு நின்றுவிடவும் கூடாது. மதுரைப் பேச்சும் கோவைப் பேச்சும் சென்னைப் பேச்சும் சுத்தமாக வர வேண்டும். ‘தூக்குத் தூக்கி’ படத்தில் பாலையா வடநாட்டுச் சேட்டாக வந்ததைப் பாருங்கள். கொச்சைத் தமிழ் பேசி மலிவாகச் சிரிக்க வைக்க இடம் இருந்தும், அந்தச் சேட்டுக்கென்று ஒரு நடை, ஒரு ஆசை, ஒரு தந்திரம் வைத்துக் கொடுத்திருக்கிறார். மலையாளம் அறிந்த பிள்ளைகள் அதை விட்டுவிட வேண்டாம். திருவனந்தபுரம் இரண்டு மணி நேரப் பயணம்தான். திக்குறிச்சி போன பாதை இன்னும் திறந்தே இருக்கிறது.

8. கேமரா முன்னால்.

மேடையில் பழகியவர்களுக்குச் சொல்கிறேன்: மனதைக் குறைக்காதீர்கள், உடம்பைக் குறையுங்கள். குளோசப்பில் புருவம் ஏறினாலே கூச்சலாகிவிடும். முழுக் காட்சியை எடுக்கும்போது எந்தச் சொல்லில் டம்ளரை எடுத்தீர்களோ, கிட்டத்தில் எடுக்கும்போதும் அதே சொல்லில் எடுங்கள். இல்லையென்றால் எடிட்டிங்கில் நீங்கள் நன்றாகச் செய்த துண்டுதான் முதலில் வெட்டுப்படும். தரையில் ஒட்டிய குறியைக் குனிந்து பார்க்காமல் வந்து நிற்கப் பழகுங்கள்.

கேமரா உங்கள் மேல் இல்லாதபோதுதான் உங்கள் தரம் தெரியும். எதிரே இருப்பவரின் குளோசப்புக்கு நீங்கள் கேமரா பக்கத்தில் நின்று வசனம் கொடுக்க வேண்டியிருக்கும். பலர் அந்த நேரத்தில் கேரவனுக்குப் போய்விடுகிறார்கள். உதவி இயக்குநர் தாளைப் பார்த்து ஒப்பிப்பார். நீங்கள் போகாதீர்கள். உங்கள் ஷாட்டில் அழுத அளவுக்கு அங்கேயும் அழுங்கள். அந்த நடிகர் சொல்லாமல் விட்டாலும் மறக்க மாட்டார். அடுத்த படத்துக்கு உங்கள் பெயரைச் சொல்லுகிறவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

டப்பிங்கைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எம்.எஸ். பாஸ்கர் எத்தனையோ பேருக்குக் குரல் கொடுத்தவர். ‘பார்க்கிங்’ படத்துக்காக அவருக்குத் துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. அந்தப் படத்தில் அவர் பேசாமல் இருக்கும் இடங்களில்கூட ஒரு குரல் கேட்கிறது என்றால், குரலோடு அத்தனை வருஷம் வாழ்ந்ததன் பலன் அது.

9. பெண்பிள்ளைகளுக்குத் தனியாக.

கதாநாயகியின் தோழி, கதாநாயகனின் அம்மா என்று இரண்டு பெட்டிக்குள் உங்களை அடைக்கப் பார்ப்பார்கள். டி.ஏ. மதுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1936-இல் ‘வசந்த சேனா’ படத்தின்போது என்.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்தவர். மனைவி என்பது வீட்டில். திரையில் அவர் சரிசமமான ஜோடி. கிருஷ்ணன் போடுகிற முடிச்சை அவிழ்க்கிறவர் பல காட்சிகளில் மதுரம்தான். அவர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்காவிட்டால் அந்தக் கருத்துகள் பிரசங்கமாகியிருக்கும். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியைப் பாருங்கள். நாடகக் கொட்டகையில் கிடந்து உழைக்கும் ஒரு பெண்ணின் வெள்ளந்தி மனமும் உள்ளுக்குள் இருக்கும் வலியும் அந்த வேடத்தில் சேர்ந்தே இருக்கின்றன. படத்தில் மோகனாம்பாளும் சண்முகசுந்தரமும் இருந்தும் பார்த்தவர்கள் அவளையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மனோரமாவுக்கு மேடை இருந்தது. உங்களுக்கும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஆடிஷன் என்று சொல்லி விடுதி அறைக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். அலுவலகத்துக்கு, பகலில், வீட்டில் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். அதனால் கை நழுவும் வேடம் எதுவாக இருந்தாலும் நழுவட்டும்.

10. ஒரே வேடம் திரும்பத் திரும்ப வந்தால்.

ஒரு போலீஸ்காரர் நன்றாக அமைந்தால் அடுத்த பத்துப் படத்துக்கும் காக்கிச் சட்டைதான் வரும். வரட்டும். ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் வீடு எங்கே, மனைவி என்ன சொல்லி அனுப்பினாள், ஓய்வு பெற எத்தனை வருஷம் என்று எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள். அந்த இடைவெளிகளில் மேடைக்குத் திரும்புங்கள். மேடையில் உங்களுக்கு யாரும் காக்கி மாட்ட மாட்டார்கள்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு டெல்லி தேசிய நாடகப் பள்ளி, திருச்சூர் நாடகப் பள்ளி, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே உள்ள நிகழ்கலைப் பள்ளி இருக்கின்றன. ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையில் பழகித் திரைக்கு வந்தவர் பசுபதி. ‘சார்பட்டா பரம்பரை’யில் அவருடைய ரங்கன் வாத்தியார் குத்துச்சண்டைக் களத்தின் ஓரத்தில் நின்று கண்ணாலேயே சண்டை போடுகிறார். எங்கும் போக முடியாதவர்களுக்கு நம் ஊர்த் தேவாலயத் திருநாள் நாடகங்களும் கோயில் திருவிழா நாடகங்களும் இருக்கின்றன. பந்தலில் குழந்தை அழும், பட்டாசு வெடிக்கும். அதற்கு நடுவே ஒரு காட்சியை நிறுத்திக் காட்டினால் எந்தப் பள்ளியும் தராத ஒன்று உங்களுக்கு வந்துவிடும்.

11. விழுந்தால் தாங்குவதற்கு ஆள் வேண்டும்.

1944-இல் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் நடிகர் தியாகராஜ பாகவதரோடு என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார். ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில் விடுதலை. புகழின் உச்சியில் இருந்தவர் இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையில். அந்த நாளில் அவருடைய நாடக சபை கலைந்துபோயிருக்க வேண்டும். கலையாமல் பார்த்துக்கொண்டவர்கள் மதுரமும் எஸ்.வி. சகஸ்ரநாமமும். சகஸ்ரநாமம் கோவைப் பக்கத்துக்காரர்; பால ஷண்முகானந்த சபையில் கிருஷ்ணனோடு பழகியவர். அவர் நாடகமாக நடத்திய ‘பைத்தியக்காரன்’ 1947-இல் படமானது. கிருஷ்ணன் திரும்பி வந்தபோது நிற்க ஒரு மேடை இருந்தது. அதன் பிறகு 1949-இல் அண்ணாதுரையின் வசனத்தில் ‘நல்லதம்பி’. 1951-இல் அவரே இயக்கிய ‘மணமகள்’. பாகவதருக்கு அந்தத் திரும்புதல் அமையவில்லை. அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். கூடப் பழகிய ஒரு கூட்டம் காத்திருந்தது என்பதை நான் சிறிதாக நினைக்கவில்லை. சகஸ்ரநாமம் பின்னாளில் சேவா ஸ்டேஜ் தொடங்கி, தி. ஜானகிராமன் போன்ற எழுத்தாளர்களை நாடகம் எழுத வைத்தார். திரையில் அண்ணனாகவும் அப்பாவாகவும் அவர் வந்த படங்களில் ஒரு நிதானம் தெரியும். அது வெறும் நடிப்பாக எனக்குத் தோன்றியதில்லை.

ஆகவே குழுவில் சேருங்கள். குழுவில் திரை இழுங்கள், நாற்காலி போடுங்கள், கூட நடிக்கும் பையனுக்குப் பாடம் கேளுங்கள். வேடம் இல்லாத நாடகத்துக்கும் ஒத்திகைக்கு வாருங்கள்.

12. பணம்.

என்.எஸ். கிருஷ்ணன் கேட்டவருக்கு இல்லையென்று சொன்னதில்லை. தன் ஊரில், மனைவி பெயரைச் சேர்த்து ‘மதுரவனம்’ என்று வீடு கட்டியவர், கடைசிக் காலத்தில் கையில் பெரிதாக வைத்திருக்கவில்லை. 1957 ஆகஸ்ட் 30-இல் மறைந்தபோது அவருக்கு 48 வயதுதான். அவர் கொடுத்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நீங்களும் கொடுங்கள். ஆனால் அவருக்கு வந்த வருமானம் உங்களுக்கு வராது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். குணச்சித்திர நடிகருக்கு ஒரு மாதம் இருபது நாள் வேலை இருக்கும், அடுத்த நான்கு மாதம் போன் அடிக்காது.

எத்தனை நாள் கால்ஷீட், நாளுக்கு எவ்வளவு, டப்பிங் அதில் சேர்ந்ததா, பேட்டா தனியா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு நண்பரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். மீதிப் பணத்தை டப்பிங் முடிவதற்குள் கேட்டு வாங்கிவிடுங்கள். படம் வெளியான பிறகு கேட்டு அலைவது கடினம். வேலை இல்லாத மாதங்களுக்கு இன்னொரு தொழில் கையில் இருக்கட்டும்: டியூஷன், கடைக் கணக்கு, தோட்டம், எதுவானாலும் சரி. வீட்டு வாடகை, பிள்ளைகள் ஃபீஸ், மருத்துவம் இந்த மூன்றுக்கும் ஒரு வருஷத்துக்குப் போதுமானது வங்கியில் தனியாகக் கிடந்தால், மனதுக்கு ஒப்பாத வேடத்தைக் கொண்டு வருகிறவரிடம் காபி கொடுத்து, மரியாதையாக, இது எனக்கு வேண்டாம் சார் என்று சொல்ல உங்களால் முடியும்.